மாமியாரின் தோள்

டெல்வுட், விஸ்கான்சின்
ஏப்ரல் 27, 2003

அன்புள்ள லியோவுக்கு,

ஆர்னி எழுதுவது. நானும் மார்லிஸும் படுத்துக் கிடக்காமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அரிசோனா வெயில் உன் நெஞ்சை இந்த வருஷமாவது கொஞ்சம் உலர்த்தியதா என்று எழுது. ஃபோனிலேயே கேட்டிருப்பேன். ஆனால் போன தடவை நான் மார்லிஸுக்கு மூட்டு வலி என்றேன், நீ வீட்டில் எலி என்று காதில் வாங்கிக்கொண்டு, பொறி வைக்க வழி சொன்னாய். முப்பது வருஷம் பட்டறையில் இரும்பு தேய்க்கிற கிரைண்டர் பக்கத்தில் நின்ற காதுக்குக் கடிதம்தான் சரி.

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். அதனால் முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உன் மகள் மிலா கல்யாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. ஜூன் பதினாலு, சனிக்கிழமை, காலை பதினோரு மணி. மாப்பிள்ளை கர்டிஸ் கணக்கு வாத்தியார். அதிகம் பேசுவதில்லை, ஆனால் மிலா பேசும்போது வாயைத் திறந்துகொண்டு கேட்கிறான், எனக்கு அதுவே போதும். நீ வரவில்லை என்று எழுதிவிட்டாயாம். அதனால் உனக்குப் பதிலாக, பாதிரியார் முன்னால் அவளைக் கைபிடித்து நடத்திக்கொண்டு போக என்னைக் கேட்டாள். சரி என்று சொல்லிவிட்டு வண்டிக்குள் போய் உட்கார்ந்து அழுதேன். இதை மார்லிஸுக்குக் கூடச் சொல்லவில்லை.

நேற்று ஒத்திகை பார்க்கலாம் என்று என்னைக் கல்யாணம் நடக்கப்போகிற கலைக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். "வாங்க ஆர்னி மாமா, நீங்க என் காலை மிதிக்காம நடக்கப் பழகணும்ல" என்றாள். அங்கே எந்த இடம் என்று காரில் ஏறிய பிறகுதான் சொன்னாள். "உங்க மாமியாருக்குக் கீழதான்."

இந்த இடத்தை உனக்கு மார்ச் மாதமே எழுதிவிட்டாளாம். நீ எனக்கு ஒரு வரி எழுதவில்லை.

பட்டறையில் நாம் வைத்த பெயர் இன்றைக்கும் அவள் வாயில் இருக்கிறது, பார். பலகையில் 'ஆறாம் எண் உருவம்' என்றுதான் போட்டிருக்கிறார்கள். ஒற்றைக் காலில் நின்று, ஒரு கையை நீட்டி, போகிறவன் வருகிறவன் தலைக்கு மேலெல்லாம் அதிகாரம் பண்ணுகிற பதினோரு டன் இரும்புச் சிலைக்கு வேறு என்ன பெயர் வைப்பது என்று நீதான் கேட்டாய். அந்த நியூயார்க் சிற்பி அன்றைக்குப் பூராவும் நம்மோடு பேசவில்லை.

முதலில் உள்ளே போனோம். படங்கள் எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் என் பூட்ஸ் சத்தம் எனக்கே கூச்சமாக இருந்தது. நடுக்கூடத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் மாமியாரின் சின்ன மாதிரி, ரொட்டி சுடும் பெட்டி அளவுக்கு, நிற்கிறது. கீழே சிற்பியின் பெயர். மிலா அங்கே நின்ற காவலாளியிடம், "இத நிஜத்துல செஞ்சது இவருதான். இவரும் எங்க அப்பாவும்" என்று பெருமையாகச் சொன்னாள். அவர், "அப்படியா? சந்தோஷம் சார். கண்ணாடியத் தொடாதீங்க சார்" என்றார்.

அங்கே ஒரு தலையணை அளவுப் படத்துக்குக் கயிறு கட்டி, ஈரம் பார்க்கும் கருவி வைத்து, ஆளும் நிறுத்தியிருக்கிறார்கள். வெளியே புல்வெளியில் பதினோரு டன்னுக்கு ஒரே ஒரு பலகை, ஏற வேண்டாம் என்று. எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்.

வெளியே ஏரிக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஒரு குடும்பம் அந்தக் கைக்குக் கீழே கம்பளி விரித்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. மிலா அடி எண்ணி இடம் காட்டினாள். பாதிரியார் இங்கே, அவள் இங்கே, கர்டிஸ் அங்கே, நூற்று இருபது நாற்காலி இப்படி வரிசையாக. எல்லாம் அந்த நீட்டிய கையின் நிழலுக்குள். ஏன் இந்த இடம் என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அப்பா நேரத்துக்கு வீட்டுக்கு வந்தது ஒரே ஒரு பிறந்தநாளுக்குத்தான் மாமா. என் நாலாவது பிறந்தநாளுக்கு. அடுத்த வாரமே இதத் தூக்கி நிறுத்தினாங்க. அப்பா என்னைத் தோள்ல வெச்சுக் காட்டினாரு. அவரு வரலைன்னாலும் அவரு செஞ்சது மேல இருக்கும்ல?"

உன் பழைய சாப்பாட்டுப் பெட்டியை அவள் இன்னும் வைத்திருக்கிறாள், மூடியில் நீ குத்திய உன் பட்டறை நம்பர் ஒன்பதோடு. அவள் எழுதப் பழகிய முதல் எண்ணே அதுதானாம். கல்யாணத்தில் மோதிரங்களை அதற்குள் வைத்துத்தான் கொண்டுவரப் போகிறார்கள்.

நான் அண்ணாந்து பார்த்தேன். தோள் மூட்டின் தெற்குப் பக்கத்தில் மஞ்சள் பெயின்ட் மேல் ஒரு பழுப்புக் கோடு, ஒரு முழ நீளம், கீழே வழிந்து நிற்கிறது. மழை பெய்து இரண்டு நாள் ஆகிவிட்டது. மற்ற இடமெல்லாம் காய்ந்திருக்கிறது. அங்கே மட்டும் ஈரம். தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, லியோ. தண்ணீர் போக வழி இருக்கிறது என்றால் வெல்டு விரிசல் விட்டிருக்கிறது என்று அர்த்தம்.

1978 அக்டோபர் ஆறாம் தேதி, வெள்ளிக்கிழமை. உனக்கு ஞாபகப்படுத்தத் தேவையில்லை, ஆனால் நான் ஒரு தடவையாவது எழுத்தில் வைக்க வேண்டும். மாமியாரின் கையைத் தூக்கித் தோளில் பொருத்தினோம். மேல் தகட்டில் முக்கால் அங்குலம் இடைவெளி நின்றது. யார் அளவு தப்பாக வெட்டினார்கள் என்று இப்போது கிளற வேண்டாம். புதுத் தகடு வெட்டிச் சேர்த்திருக்க வேண்டும், இரண்டு நாள் வேலை. எடுத்துப்போக லாரி திங்கட்கிழமை வருகிறது. உனக்கோ ஐந்து மணிக்கு வீட்டில் மிலாவுக்குக் கேக் வெட்ட வேண்டும். நீ தரையில் கிடந்த கம்பியைக் கையில் எடுத்தாய். நான் உன்னைப் பார்த்தேன். கம்பியை இடைவெளியில் படுக்க வைத்து மேலே வெல்டு வைத்து மூடினோம். தெற்குப் பாதி நான், வடக்குப் பாதி நீ. கிரைண்டர் பிடித்து வழவழப்பாக்கினோம். ஃபோர்மேன் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, "வெண்ணெய் மாதிரி இருக்குடா" என்றார். உள்ளே பிடிப்பே கிடையாது, மேலே தோல் மட்டும்தான். அப்புறம் பட்டறை விதிப்படி அவரவர் வெல்டுக்குப் பக்கத்தில் அவரவர் நம்பரைக் குத்தினோம். நான் பதினாலு, நீ ஒன்பது. அந்த வேலைக்கும் நம்பர் குத்தினோம் பார்.

எனக்கு ஒன்று மட்டும் சொல். உன் பக்கத்தில் கம்பி முழு நீளத்துக்கும் இருக்கிறதா, இல்லை கொஞ்ச தூரம்தானா? நான் உன் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. உன் பாதி நன்றாக இருந்தால் அது தாங்கும் என்று நான் நம்பிக்கொள்ளலாம். சீக்கிரம் எழுது.

தபால்காரரை வாசலில் நின்று எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் உன்,
ஆர்னி


டெல்வுட்
மே 18, 2003

அன்புள்ள லியோவுக்கு,

கள்ளிச்செடி படம் போட்ட உன் அட்டை கிடைத்தது. ஒரு வாரம் காத்திருந்ததற்கு இரண்டு வரி. 'இருபத்தைந்து வருஷம் நின்றது. வாயை மூடிக்கொண்டிரு.' நான் கேட்ட கேள்விக்கு இதில் பதில் இல்லை. பதில் இல்லாததால் பதில் புரிந்துவிட்டது. கம்பி முழு நீளத்துக்கும்தான்.

கோபப்படாதே, நீ சொன்னபடி இரண்டு வாரம் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு ஏதோ சரியில்லை என்று மார்லிஸ் கண்டுபிடித்துவிட்டாள். வெள்ளிக்கிழமை வழக்கம்போல் பாருக்கு மீன் வறுவல் சாப்பிடப் போயிருந்தோம். நான் முள்கரண்டியால் தட்டில் கோடு போட்டுக்கொண்டே இருந்தேனாம். "ஆர்னி, நீ திங்கிறியா, இல்ல தட்டுக்கு வெல்டு வைக்கிறியா?" என்றாள். பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் மீனைத் தொடவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அவள் நம்பவில்லை.

இப்போது காற்று அடித்தாலே எனக்கு இருப்புக் கொள்வதில்லை. காலையில் எழுந்ததும் ரேடியோவில் ஏரிக் காற்றின் வேகம் சொல்வார்களே, மீன் பிடிப்பவர்களுக்காக, அதைக் கேட்கிறேன். முப்பது மைல் என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு கலைக்கூடத்துக்குப் போய்விடுகிறேன். போய் என்ன செய்ய முடியும்? நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன். நின்றுகொண்டிருக்கிறது. வீட்டுக்கு வந்து தொப்பியைக் கழற்றும்போது மறுபடியும் பயம் வந்துவிடுகிறது.

போன செவ்வாய்க்கிழமை ஒரு காரியம் செய்தேன். சின்னச் சுத்தியலைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனேன். பக்கத்தில் பெயின்ட் பார்க்க ஒரு உயர ஏணி வைத்திருந்தார்கள், ஆள் இல்லை. எழுபது வயதில் ஏறினேன். தட்டிப் பார்த்தேன். நல்ல வெல்டு எப்படிப் பேசும் என்று உனக்குத் தெரியும், கணீரென்று. என் பக்கம் தொம் என்றது. எட்டிக் கை நீட்டி உன் பக்கமும் தட்டினேன். அதுவும் தொம் என்றது. இன்னொரு தடவை தட்டினேன், என் காதில்தான் கோளாறோ என்று. அப்போது காற்று ஒரு தள்ளு தள்ளியது. உள்ளே எங்கேயோ டிக் என்று ஒரு சத்தம் வந்தது. ஏணியில் அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

கீழே இருந்து காவலாளி கூப்பிட்டார். அன்றைக்குக் கண்ணாடியைத் தொடாதே என்று சொன்ன அதே ஆள், டுவேன் என்று பெயர். "சார், கலையைச் சுத்தியலால அடிக்கக் கூடாது சார்" என்றார். திட்டவில்லை, சொல்லப்போனால் இறங்கும்போது என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். உள்ளே பழுது பார்க்கும் அறைக்கு அழைத்துப்போய் ஓயாமா என்ற பெண்மணியிடம் ஒப்படைத்தார். அங்கே இருக்கும் கலைப்பொருட்களுக்கெல்லாம் வைத்தியம் பார்ப்பது அவர்தான். மேசையில் ஒரு பழைய படத்தைக் கிடத்தி, பஞ்சால் ஒரு பொட்டு அழுக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு பொட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகுமாம்.

நான் யார் என்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. நாற்காலி போட்டார். "இத செஞ்ச கை இன்னும் ஊர்ல இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார். முதல் பூச்சு என்ன, எத்தனை கோட், மூட்டை எப்படிச் சேர்த்தோம் என்று நோட்டில் எழுதிக்கொண்டே கேட்டார். சொல்லிவிடத்தான் உட்கார்ந்தேன், லியோ. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அப்போது அவர், "அடுத்த மாசம் உங்க கூட்டாளி பொண்ணு கல்யாணமாமே, அதுக்குக் கீழயே. எவ்வளவு அழகு" என்றார். நான் நாலு கோட் என்றேன். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இனிமேல் எழுதப்போவது உனக்குக் கசக்கும். நீ கல்யாணத்துக்கு வராததற்கு உன் பழைய பெண்டாட்டி முகத்தில் விழிக்கச் சங்கடம் என்று இத்தனை நாள் நினைத்தேன். மூச்சுக் கோளாறு என்று மிலாவுக்கு எழுதினாய், அவளும் நம்புகிறாள். அது இரண்டும் இல்லை. மார்ச்சில் அவள் இடத்தை எழுதினாள், ஏப்ரலில் நீ வரமாட்டேன் என்று எழுதினாய். அந்தக் கைக்குக் கீழே வந்து உட்கார உன்னால் முடியாது. ஆனால் அவள் நிற்பாள். நீ வராவிட்டால் அவள் நிற்காமல் போய்விடுவாளா? நீ உன்னை மட்டும் காப்பாற்றிக்கொண்டாய் என்று எழுத எனக்குக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

நானும் உன்னைவிட யோக்கியன் இல்லை. உண்மையைச் சொன்னால் ஊரில் யாரும் என் முகத்தைப் பார்க்கமாட்டார்கள் என்று எனக்கும் பயம். மிலா என் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கமாட்டாள் என்று பயம். ஆனால் சத்தத்தை என் காதால் கேட்டுவிட்டேன்.

நீ சரி என்று ஒரு வார்த்தை எழுது. உன் பெயரையும் சேர்த்துச் சொல்ல உன் சம்மதம் வேண்டும். மாதக் கடைசி வாரம் வரைக்கும் பொறுக்கிறேன்.

உன் பழைய ஜோடி,
ஆர்னி


டெல்வுட்
ஜூன் 4, 2003

அன்புள்ள லியோவுக்கு,

நீ எழுதவில்லை. மே முப்பதாம் தேதி நான் சொல்லிவிட்டேன். இந்தக் கடிதத்தை அவசரத் தபாலில் அனுப்புகிறேன், வெள்ளிக்கிழமை உன் கைக்கு வந்துவிடும். உட்கார்ந்து, பொறுமையாக, கடைசி வரைக்கும் படி.

முதலில் மார்லிஸிடம்தான் சொன்னேன், முந்தின நாள், பாத்திரம் துடைத்துக்கொண்டிருக்கும்போது. முழுக்கக் கேட்டாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். ஈரத்துணியை மடித்து வைத்துவிட்டு, "அந்த நூத்தி இருபது நாற்காலில ஒண்ணு என்னோடது ஆர்னி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மறுநாள் கலைக்கூடம் திறக்கும் முன்பே வாசலில் போய் நின்றேன்.

ஓயாமாவிடம் நின்றுகொண்டே சொன்னேன், நாற்காலி வேண்டாம் என்றுவிட்டேன். கம்பி, இடைவெளி, வெல்டு, கிரைண்டர், டிக் என்று வந்த சத்தம், எல்லாம். அவர் என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஃபோனை எடுத்து, "புல்வெளியக் காலி பண்ணுங்க. இப்பவே. ஓட வைக்காதீங்க, நடத்திக் கூட்டிட்டு வாங்க" என்றார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஏதோ பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருந்த முப்பது நாற்பது பிள்ளைகள் அந்த நிழலில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார்கள். டுவேன் கையைத் தட்டி ஏதோ விளையாட்டு போலச் சொல்லி வரிசையாக எழுப்பினார். ஒரு சின்னப் பெண் மறந்துவிட்ட தொப்பியை எடுக்கத் திரும்பி ஓடினாள். அவள் மறுபடி வெளியே வரும் வரைக்கும் நான் ஜன்னலை விட்டு நகரவில்லை.

இப்போது மாமியாரைச் சுற்றி வேலி. கைக்குக் கீழே பெரிய மரத்தூண்கள் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மில்வாக்கியிலிருந்து ஒரு இன்ஜினியர் பெண் வந்து கருவி வைத்துச் சோதித்தாள். இரண்டு பாதியும் ஒரே கதை என்றாள். விழுந்திருக்குமா என்று கேட்டேன். "அடுத்த பனிக்காலம் தாண்டியிருக்கும்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன். அடுத்த பெரிய காத்தத் தாண்டும்னுகூட" என்றாள். இதை உனக்குச் சொல்ல வேண்டும் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன். நீ வாயை மூடு என்று சொன்னது தப்பு என்று காட்டுவதற்கு இல்லை. யாரும் சாகவில்லை என்று உனக்குத் தெரிய வேண்டும், அதற்கு.

இனி மிலா.

கல்யாணம் உள்ளே நடுக்கூடத்தில், அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குப் பக்கத்தில் என்று மாற்றிவிட்டார்கள். ஏன் என்று நானே அவள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். சமையலறையில் நின்று கேட்டாள். முகம் வெளுத்துவிட்டது. அவள் கேட்ட முதல் கேள்வி, "அப்பா பக்கம் எது?"

உன் சம்மதத்தைக் கேட்டிருந்தேன், நீ தரவில்லை. நான் என்ன செய்யட்டும்? ரெண்டு பக்கமும் என்னுதுதான் என்றேன். உங்க அப்பா உன் பிறந்தநாளுக்காக அன்னைக்கு மத்தியானமே வீட்டுக்குக் கிளம்பிட்டார், அவருக்கு இது தெரியவே தெரியாது என்றேன். வாழ்க்கையில் இவ்வளவு வேகமாக ஒரு பொய் எனக்கு வந்ததில்லை. அவளுக்கு உயிர் திரும்பி வந்தது போல இருந்தது. "நெனச்சேன். அப்பா அப்படிச் செய்ய மாட்டாரு" என்றாள். அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தாள். "என்னை அதுக்குக் கீழ நிக்க வெச்சு ஒத்திகை பாத்தீங்களே மாமா" என்றாள். கைபிடித்து நடத்திக்கொண்டு போக நான் வேண்டாம் என்றும் சொன்னாள். கத்தவில்லை, மரியாதையாகத்தான் சொன்னாள். வலிக்கிறது, லியோ. ஆனால் அதை நான் தாங்கிக்கொள்வேன். அதற்குத் தயாராகித்தான் போனேன்.

நான் தயாராக இல்லாதது இன்றைக்குக் காலையில் வந்தது. அவளே ஃபோன் பண்ணினாள், ஐந்து நாளில் முதல் தடவையாக. குரலில் ஒரு சந்தோஷம். ஓயாமா அவளிடம் பேசியிருக்கிறார். பழுது பார்க்கத் தோள் மூட்டில் பெயின்டை இரும்பு தெரியும் வரைக்கும் உரிக்கப் போகிறார்களாம். அந்தக் காலத்துப் பட்டறைகளில் வெல்டுக்குப் பக்கத்தில் ஆளுக்கு ஒரு நம்பர் குத்தும் வழக்கம் உண்டு, அதைத் தேடிப் பதிவு செய்யப் போகிறோம் என்று அவர் சொல்லியிருக்கிறார். மிலா என்னிடம் கேட்டாள்: "அப்பாவோட ஒன்பது அதுல எங்கயாவது இருக்கும்ல மாமா? கால்ல, முதுகுல எங்கயாவது? கிடைச்சா அந்த ஒரு இடத்துல மட்டும் பெயின்ட் அடிக்காம விட்டுர்றோம்னு சொல்லியிருக்காங்க. நான் கேமராவோட போகப்போறேன்." கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை, காலை ஒன்பது மணிக்குத் தோளிலிருந்து ஆரம்பிக்கிறார்கள்.

இருக்கலாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

அந்தக் கை விழும் என்று இருந்த பயம் போய்விட்டது. இந்தப் பயம் அதைவிட மோசம். அவள் ஏணியில் ஏறி நிற்பாள். தெற்குப் பக்கம் என் பதினாலு வரும். அப்புறம் வடக்குப் பக்கம் உரிப்பார்கள். யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, அந்த எண்ணை அவளுக்கு நாலு வயதிலிருந்து தெரியும்.

பெயின்டில் எழுதியிருந்தால் நான் போய்ச் சுரண்டியிருப்பேன். இரும்பில் குத்தியதை ஒன்றும் செய்ய முடியாது. நீ எப்போதுமே பலமாகக் குத்துவாய், நம்பர் குத்துகிற உளி உடைகிறது என்று ஃபோர்மேன் கத்துவார். என் பதினாலு மங்கியிருக்கலாம், உன் ஒன்பது மங்கியிருக்காது.

அதனால் கேட்கிறேன், நீ வா. புதன்கிழமைக்குள் வந்துவிடு. மில்வாக்கி விமான நிலையத்துக்கு வண்டியோடு நான் வருகிறேன். மார்லிஸ் கீழ் அறையில் படுக்கை போட்டுவிட்டாள், மாடிப்படி ஏற வேண்டாம் உனக்கு. உன் மூச்சுக்கு வேண்டிய சிலிண்டருக்கும் மருந்துக் கடையில் சொல்லி வைத்திருக்கிறாள். புதன்கிழமை சாயங்காலம் மிலாவை வீட்டுக்குக் கூப்பிடுகிறோம், நானும் மார்லிஸும் வெளியே போய்விடுகிறோம். என்ன சொல்வது என்று யோசித்துப் பயணத்தைத் தள்ளிப் போடாதே. 'நானும்தான்' என்று சொன்னால் போதும். அந்தப் பிறந்தநாளைப் பற்றிச் சொல்வதா வேண்டாமா என்பது உன் இஷ்டம். அவள் உன்னிடமும் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், அப்படி ஆகாது என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் உன் வாயிலிருந்து கேட்டால் அழுவாள். இரும்பிலிருந்து படித்தால் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது.

டாக்டர் விமானத்தில் ஏறக் கூடாது என்றால் ஏறாதே. ஆனால் எனக்கு எழுதாதே. அவளுக்கு எழுது, அவசரத் தபாலில், செவ்வாய்க்கிழமை அவள் கையில் இருக்கிற மாதிரி.

உன் மூச்சு இந்த ஒரு பயணத்தைத் தாங்கட்டும் என்று மார்லிஸ் மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறாள். நானும் பக்கத்தில் நின்றேன்.

உன்,
ஆர்னி

பின்குறிப்பு: நாற்காலிகளில் பெயர்ச்சீட்டு ஒட்டி முடித்துவிட்டார்களாம், மார்லிஸ் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். நீ வரமாட்டாய் என்று தெரிந்தும் முன்வரிசையில் முதல் நாற்காலியை மிலா யாருக்கும் கொடுக்கவில்லை. சீட்டில் பெயர் எழுதவில்லை. 9 என்று மட்டும் எழுதியிருக்கிறாள்.